புள்ளி விழாமல் பெயர் வெட்டுவது எப்படி: ஸ்க்ரோல் சா மரவேலைக்கு ஓர் அறிமுகம்

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் தோட்டத்துச் சாளையின், அதாவது தோட்டத்து வீட்டின், வாசலில் மாட்டுவதற்காக, மரத்தில் வளைவுகளை வெட்டும் ரம்ப மெஷினான ஸ்க்ரோல் சா வாங்கிய முதல் மாதத்திலேயே ‘கற்பகம் இல்லம்’ என்று ஒரு பெயர்ப்பலகையை 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் வெட்டினேன். அடியில் ஒரு பட்டையை விட்டு, எல்லா எழுத்துகளும் அதன்மேல் நிற்குமாறு வரைந்து, இரண்டு மாலைப்பொழுதுகள் உட்கார்ந்து வெட்டி முடித்து, வளைவுகள் ஓரளவு ஒழுங்காக வந்துவிட்ட மகிழ்ச்சியில் பலகையைத் தூக்கிப் பார்த்தபோது, பக்கத்தில் நின்ற பேரன் “அப்புச்சி, புள்ளியெல்லாம் காணோமுங்க” என்றான். மேசைக்கு அடியில் மரத்தூளுக்குள் நான்கு புள்ளிகளும் கிடந்தன. எழுத்தோடு ஒட்டாமல் தனியே நிற்கும் எதுவும் வெட்டியவுடன் விழுந்துவிடும் என்பதை நான் யோசித்திருக்கவே இல்லை. இந்த வேலையில் கை பழகுவது பாதிதான். எது விழ வேண்டும், எது நிற்க வேண்டும் என்று மெஷினை ஓட்டுவதற்கு முன்பே கண்ணால் பிரித்துப் பார்க்கப் பழகுவது மற்றொரு பாதி.

திருப்பூர்ப் பக்கத்து வாசகருக்கு ஸ்க்ரோல் சாவை ஒரே வரியில் விளக்கிவிடலாம்: அது மரத்துக்கான தையல் மெஷின். தையல் மெஷினில் ஊசி ஒரே இடத்தில் நின்றபடி மேலும் கீழும் ஏறி இறங்க, துணியைத்தான் நாம் திருப்புகிறோம். அதேபோல இங்கே மேல்முனையும் கீழ்முனையும் இறுகப் பிடிக்கப்பட்ட மெல்லிய ரம்பப் பிளேடு ஒன்று ஏறி இறங்க, மரத்தைத் திருப்பித் திருப்பி வெட்டுகிறோம். துணியைத் தானே இழுத்துக்கொள்ளும் பல் தையல் மெஷினில் உண்டு. இங்கே அது கிடையாது, நம் விரல்கள்தாம் தள்ள வேண்டும். கதவு, அலமாரி செய்யும் ஆசாரிகள் கையில் பிடித்து ஓட்டும் ஜிக்சா மெஷினோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அதில் பிளேடை ஒரு முனை மட்டுமே பிடித்திருப்பதால், வளையாமல் நிற்பதற்காகப் பிளேடு அகலமாகவும் தடிப்பாகவும் இருந்தாக வேண்டும். ஸ்க்ரோல் சாவில் இரு முனைகளும் இழுத்துக் கட்டப்பட்டிருப்பதால் பிளேடை நூல்போல மெல்லியதாக வைத்துக்கொள்ள முடிகிறது. அந்த மெல்லிய பிளேடுதான் இக்கலையின் எல்லாச் சாத்தியங்களுக்கும், எல்லாத் தொல்லைகளுக்கும், பின்னால் சொல்லப்போகும் எல்லா விதிகளுக்கும் காரணம்.

தொடக்கநிலையினர் வாங்கும் மெஷின்கள் பெரும்பாலும் 16 அங்குல மெஷின்கள். பிளேடுக்கும் பின்னால் நிற்கும் தூணுக்கும் இடையே உள்ள தூரமே அந்த 16 அங்குலம், அதாவது ஏறத்தாழ 40 சென்டிமீட்டர். பலகை தூணில் இடிக்காமல் சுழல வேண்டும் என்பதால் இந்த அளவைச் சொல்லி விற்கிறார்கள். பிளேடு ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 19 மில்லிமீட்டர் ஏறி இறங்கும். வேகத்தை நிமிடத்துக்குச் சுமார் 400 முறையிலிருந்து 1,600 முறை வரை கூட்டிக் குறைக்கலாம். மோட்டார் சிறியது, வீட்டில் மாவாட்டும் கிரைண்டரின் மோட்டாரைவிடப் பெரிதாக இருப்பதில்லை. 2 அங்குலக் கனமுள்ள கட்டை வரை வெட்டும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பார்கள்; ஆனால் முக்கால் அங்குலத்துக்குள் நின்றுகொள்வதே புதியவருக்கு நல்லது. வாங்கும்போது இரண்டு செய்திகளை மட்டும் கேட்டுக்கொண்டால் போதும் என்பது என் கருத்து. வேகத்தை மாற்றும் திருகு இருக்கிறதா என்பது ஒன்று. முனையில் குறுக்கு ஊசி இல்லாத வெறும் பிளேடைப் பிடிக்குமா என்பது மற்றொன்று. விலை குறைந்த சில மெஷின்கள் இரு முனைகளிலும் சிறு குறுக்கு ஊசி வைத்த பிளேடை மட்டுமே ஏற்கும். அந்த ஊசி நுழைவதற்காகப் பெரிய துளை போட வேண்டியிருப்பதால், நுணுக்கமான உள்வெட்டுகள் அவற்றில் இயலாமல் போய்விடும்.

மெஷினைக் கனமான மேசையில் போல்ட் போட்டு இறுக்குவது, மெஷினைத் தேர்ந்தெடுப்பதற்கு இணையான முக்கியத்துவம் உடையது. இலேசான மேசையில் வைத்தால் மெஷின் ஆடும், கோடும் ஆடும்.

மெஷின் வாங்க இன்னும் மனம் துணியாதவர்கள் கைரம்பத்திலேயே தொடங்கலாம். ‘ப’ வடிவ இரும்புச் சட்டத்தில் அதே மாதிரியான பிளேடைக் கட்டி, மேசை ஓரத்தில் ‘வி’ போலப் பிளந்த பலகையைப் பொருத்தி, அதன்மேல் மரத்தை வைத்துக் கையால் அறுப்பது இதன் மூல வடிவம். நகைப்பட்டறைகளில் பொற்கொல்லர்கள் தகட்டில் பூவேலை அறுப்பதும் இந்த முறையில்தான்; அவர்களுடைய பிளேடும் ஏறத்தாழ இதே நீளந்தான், எண் வரிசையும் இதைப் போன்றதே. கோவையில் பட்டறைச் சாமான் விற்கும் கடையில் அந்தப் பிளேடு கிடைக்கும். ஆனால் அதன் பற்கள் உலோகத்துக்காகச் செய்யப்பட்டவை; மரத்தில் ஓட்டினால் தூள் அடைத்துக்கொண்டு பிளேடு சூடாகும். மரத்தோடு பித்தளைத் தகட்டையோ கொட்டாங்குச்சியையோ சேர்த்து வேலை செய்ய விரும்புவோர் மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

இனிப் பிளேடைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பிளேடின் நீளம் பொதுவாக 5 அங்குலம். தடிமனை எண்ணால் குறிப்பார்கள்: 2/0 என்பது மயிரிழை போன்றது, அங்கிருந்து 1, 3, 5, 7, 9 என்று ஏறி 12 வரை போகும். நடுவில் உள்ள 5ஆம் எண் பிளேடின் அகலம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர், கனம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. எண் ஏற ஏறப் பற்கள் பெரிதாகி, எண்ணிக்கையில் குறையும். 2ஆம் எண்ணில் அங்குலத்துக்கு 20 பற்கள் இருந்தால் 5ஆம் எண்ணில் சுமார் 12 அல்லது 13 இருக்கும். புதியவர் 3, 5, 7 ஆகிய மூன்று எண்களில் டஜன் கணக்கில் வாங்கினால் ஆறு மாதத்துக்கு வேறொன்றும் தேவைப்படாது. பிளேடு தேய்ந்து தீரும் பொருள் என்பதை முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். மரத்தை முன்பைவிடக் கொஞ்சம் அழுத்தித் தள்ள வேண்டியிருக்கிறதே என்று தோன்றிய கணமே அது மழுங்கிவிட்டது என்று பொருள். மழுங்கிய பிளேடில் சிக்கனம் பார்ப்பவர், ஒரு பிளேடை மிச்சப்படுத்தி ஒரு பலகையை இழப்பார்.

எந்த நேரமும் குறைந்தது மூன்று பற்களாவது மரத்துக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர்; அங்குலத்துக்கு 20 பல் உள்ள பிளேடு 3 மில்லிமீட்டர்ப் பிளைவுட்டை வெட்டும்போது இரண்டு பற்களுக்குச் சற்று மேல்தான் மரத்துக்குள் இருக்கும். அப்போது ஒவ்வொரு பல்லும் பலகையின் விளிம்பைக் கொத்தி இழுக்கும். பலகை மேசையில் குதிக்கும். அதே பலகைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி 6 மில்லிமீட்டர் ஆக்கிவிட்டால் நான்கு பற்களுக்கு மேல் உள்ளே நிற்கும். வெட்டு வழுவழுப்பாக ஓடும். மெல்லிய பலகையில்தான் எளிதாகப் பழகலாம் என்று எண்ணித் தொடங்கியவர்கள் பலரும் ஏமாந்துபோவது இந்த இடத்தில்தான். முதல் பயிற்சிக்கு 12 மில்லிமீட்டர் மென்மரம் எவ்வளவோ மேல்.

பற்கள் கீழ்நோக்கி அமைந்திருப்பதால் பிளேடு இறங்கும்போதுதான் வெட்டும், மரமும் மேசையோடு ஒட்டி நிற்கும். ஏறக்குறைய எல்லாப் புதியவர்களும் ஒருமுறையாவது பிளேடைத் தலைகீழாக மாட்டியிருப்பார்கள். மரம் மேலே துள்ளுவதைக் கண்டதும் புரிந்துவிடும். கீழ்நோக்கி வெட்டுவதால் பலகையின் அடிப்பக்கத்தில் பிசிறு எழும். அதைத் தடுப்பதற்காகவே, கீழே உள்ள சில பற்களை மட்டும் மேல்நோக்கித் திருப்பி அமைத்த ‘ரிவர்ஸ்’ பிளேடுகள் வந்தன; பிளைவுட் வெட்டுபவர்களுக்கு இவையே ஏற்றவை. எல்லாப் பக்கமும் பல் இருக்குமாறு முறுக்கிய பிளேடும் உண்டு. மரத்தைத் திருப்பாமலேயே எந்தத் திசையிலும் தள்ளலாம் என்று அது ஆசைகாட்டும், ஆனால் வெட்டு அகலமாகவும் சொரசொரப்பாகவும் வரும். முதல் ஆண்டில் அதன் பக்கம் போகாமல் இருப்பதே நலம்.

பிளேடை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்கு அளவுகோல் காதுதான். விரலால் சுண்டினால் வீணைத் தந்திபோலக் கணீரென்ற மேல்சுருதி எழ வேண்டும். விரலால் பக்கவாட்டில் தள்ளினால் 3 மில்லிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது. தளர்வாக விட்டால் வளைவுகளில் பிளேடு வில்லாக வளைந்து, மேற்பரப்பில் கோட்டின்மீதும் அடிப்பரப்பில் கோட்டுக்கு வெளியேயும் வெட்டும். மரத்தைப் பக்கவாட்டில் நெருக்கினாலும் இதே விளைவுதான். எப்போதும் பற்களை நோக்கியே, அதாவது அவற்றுக்கு நேர் எதிரே, மெதுவாகத் தள்ள வேண்டும். இன்னொரு விசித்திரமும் உண்டு: தகட்டில் அழுத்திச் செய்யும் பிளேடுகளின் ஒரு பக்கத்தில் நுண்ணிய பிசிர் நிற்பதால், அந்தப் பக்கம் சற்றுக் கூடுதலாக அரிக்கும். ஆகவே நேர்கோட்டை நேராகத் தள்ளினால் வெட்டு கோட்டைவிட்டு விலகிப்போகும். பலகையைச் சில டிகிரி சாய்த்துப் பிடித்துத் தள்ளினால்தான் நேராக வரும். என் கைதான் கோணல் என்று முதல் இரண்டு வாரம் நொந்துகொண்டிருந்தேன். உண்மையில் அது பிளேடின் குணம்.

பெயர்ப்பலகைக்குத் திரும்புவோம். தமிழ் எழுத்துகளை மரத்தில் வெட்டுவோர் ஒன்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். எழுத்து மரமாக நிற்க, சுற்றியுள்ள பலகை விழுமாறு வெட்டினால், ஆபத்து புள்ளிக்கு. மாறாக, பலகை நிற்க, எழுத்து ஓட்டையாகத் தெரியுமாறு வெட்டினால், புள்ளி வெறும் துளைதான், அதற்கு ஓர் ஆபத்தும் இல்லை. ஆனால் சுழிகள் விழுந்துவிடும். மூன்று சுழி ‘ண’வை ஓட்டையாக வெட்டிப் பாருங்கள்: சுழிக்குள் அடைபட்ட மரத்துண்டுகளுக்குப் பிடிமானம் இல்லாததால் அவை உதிர்ந்து, எழுத்து கண்ணிழந்து நிற்கும். இத்தோடு தமிழுக்கே உரிய இன்னொரு சிக்கலும் சேர்கிறது. ‘கொங்கு’ என்பது மூன்றெழுத்துச் சொல்தான். ஆனால் கொம்பு, ககரம், கால், ஙகரம், அதன் புள்ளி, கு என்று மரத்தில் அது ஆறு துண்டு. எல்லாவற்றையும் கோக்க அடிப்பட்டை ஒன்று வேண்டும். புள்ளியை எழுத்தின் தலையோடு 3 மில்லிமீட்டர் அகலக் கழுத்தால் இணைக்க வேண்டும், அல்லது பின்னால் வேறு நிறப் பலகை ஒன்றை வைத்து எல்லாத் துண்டுகளையும் அதன்மேல் ஒட்டிவிட வேண்டும். என் பலகையின் நான்கு புள்ளிகளையும் கடைசியில் பின்பலகை வைத்துத்தான் காப்பாற்றினேன். இவ்வகையில் நிற்கும் பகுதிகளை இணைக்க விடும் சிறு மரக்கழுத்தைப் பாலம் எனலாம். பாலம் எங்கே வரும் என்பதைப் பென்சிலால் தீர்மானித்துவிட்ட பிறகே மெஷின் சுவிட்சைத் தொட வேண்டும்.

கம்பிக் கோலத்தை மரத்தில் கொண்டுவர விரும்புவோருக்கும் இதே பாடந்தான். மாவால் இழுத்த கோட்டின் மேலேயே பிளேடை ஓட்டினால் கோலம் துண்டு துண்டாகப் பிரிந்து விழும். கோட்டை 5 மில்லிமீட்டர் அகலப் பட்டையாக வரைந்து, அந்தப் பட்டையை நிற்கவிட்டு, அது வளைத்துப் பிடித்திருக்கும் வெற்றிடங்கள் ஒவ்வொன்றையும் வெட்டி எடுக்க வேண்டும். கம்பிகள் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும் இடங்கள் எல்லாம் தாமாகவே இணைப்புகளாகிவிடுவதால், கம்பிக் கோலம் பார்ப்பதற்கு மெலிவாகத் தெரிந்தாலும் நல்ல உறுதியோடு நிற்கும். இதில் புள்ளிகளைக் கைவிட்டே ஆக வேண்டும். கோலத்தில் புள்ளி இல்லாவிட்டாலும் குற்றம் இல்லை, பெயரில் இல்லாவிட்டால்தான் குற்றம்.

நிற்பதெல்லாம் நிலைப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மரம் ரேகை ஓடும் திசையில் வலுவானது; ரேகைக்குக் குறுக்கே மெல்லியதாக விட்டால் பிஸ்கட் போல ஒடிந்துவிடும். காங்கேயம் காளையின் உருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உடல் கிடையாக நீண்டிருப்பதால் ரேகையையும் கிடையாக வைக்கத்தான் கை போகும். அப்படி வைத்தால் நான்கு கால்களும் வாலும் ரேகைக்குக் குறுக்கே அமைந்துவிடும். உப்புத்தாள் தேய்க்கும்போதே ஒன்று ஒடியும். ரேகையைச் செங்குத்தாக வைத்தால் காலும் வாலும் நிமிர்ந்தெழும் கொம்பின் அடிப்பகுதியும் ரேகையோடு ஓடும். உடலுக்கு எந்தத் திசையானாலும் கவலை இல்லை, அது தடிப்பானது. கொம்பின் நுனி வளைந்து திரும்பும் இடம் மட்டும் குறுக்கே விழுந்தே தீரும், அங்கே ஒரு மில்லிமீட்டர் கூடுதல் சதை விட்டுவைக்க வேண்டும். பிளைவுட்டில் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் இந்தக் கவலை பெரிதும் குறைகிறது. மெல்லிய சல்லடை வேலைக்கு அனைவரும் பிளைவுட்டை நாடுவது அதனால்தான்.

மரத்தைப் பொறுத்தவரை கொங்கு நாட்டில் இருப்பவர் கொடுத்துவைத்தவர். தேக்கு என்றால் ஆனைமலை. வெட்டிய மரங்களை மலைமேலிருந்து சறுக்கிவிட்ட இடம் என்பதால்தான் டாப்ஸ்லிப்புக்கு அப்பெயரே வந்தது. நாம் காடு வரை போக வேண்டியதில்லை. கதவு, நிலைச்சட்டம் செய்யும் பட்டறைகளில் அடுப்புக்குப் போகக் காத்திருக்கும் தேக்குத் துண்டுகளே நமக்கு ஓராண்டுக்குப் போதும். வெட்டுவதற்கு இனியது, ரேகை அழகு. ஆனால் தேக்கில் மணற்சத்தான சிலிக்கா இருப்பதால் பிளேடு விரைவில் மழுங்கும். வேம்பு செம்மை கலந்த பழுப்பு, ரேகை அங்கங்கே முறுக்கிக்கொள்ளும். பலாவின் வைரம் பாய்ந்த உள்மரம் மஞ்சள் அரைத்துப் பூசியது போன்ற நிறம், நாள்பட நாள்படத் தேன்நிறத்துக்குக் கறுக்கும். பூவரசு நெருக்கமான இழை உடையது, நுணுக்க வேலைக்கு மிக ஏற்றது. கரட்டோரங்களில் தானாக வளரும் வெட்பாலை தந்தம்போல வெளுத்தது. கர்நாடகத்தின் சென்னபட்டணப் பொம்மைகள் மரபாகக் கடைசலாவது இந்த மரத்தில்தான். எங்கள் பக்கத்தில் மரம் என்றாலே தென்னைதான் என்றாலும், அது ஸ்க்ரோல் சாவுக்கு நண்பன் இல்லை: வெளிச்சுற்று இரும்பு, உள்ளே பஞ்சு, இடையில் கறுத்த நார்கள். ஒரு சட்டத்துக்கோ கறுப்புக் கரைக்கோ சிறு துண்டாகப் பயன்படுத்தலாம். அரளியை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது. அதன் மரமும் நஞ்சு, தூளும் நஞ்சு. தோதகத்திக்கும் சந்தனத்துக்கும் சட்டக் கட்டுப்பாடுகள் உண்டு. தோதகத்தி அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. வீட்டில் உடைந்த பழைய நாற்காலிக் கால் இருந்தால் அதுவே போதும். மரங்களின் நிறத்தையும் ரேகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க விரும்புவோர், கோவையில் 1902-இல் தொடங்கப்பட்ட காஸ் வன அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வரலாம்.

பச்சை மரத்தை வெட்டக் கூடாது. அங்குலக் கனத்துக்கு ஓராண்டு நிழலில் உலர வேண்டும் என்பது பழைய கணக்கு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று நம் ஊர்களில் மரத்தை ஒரே பக்கமாக உலர்த்திப் பலகையைக் குழியாக வளைத்துவிடும் என்பதால், பலகைகளுக்கு இடையே குச்சிகளைக் கொடுத்து அடுக்கி, மேலே கனம் ஏற்றி வைக்க வேண்டும்.

பிளைவுட் வாங்கும்போது 8க்கு 4 அடிப் பலகை முழுதாக வாங்க வேண்டியதில்லை, கடையில் மிஞ்சிய துண்டுகளைக் கேட்டால் கொடுப்பார்கள். சாதாரணப் பலகைக்கு ஐ.எஸ். 303, நீருக்கு அஞ்சாத மெரைன் பலகைக்கு ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கும். வீட்டுக்குள் வைக்கும் பொருளுக்கு முன்னதும் வாசலில் மாட்டுவதற்குப் பின்னதும் பொருந்தும். விளிம்பைப் பார்த்து, அடுக்குகளுக்கு இடையே பொந்து இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். வெட்டும்போது அந்தப் பொந்து சரியாகக் காளையின் கழுத்தில் வந்து நிற்கும். இப்போது தமிழ்நாட்டில் பிளைவுட்டுக்காகவே பலரும் தோட்டத்தில் வளர்க்கும் மலைவேம்பு இலேசான மரம். பலகையாக அறுத்தும் பழகலாம். மரநாரைப் பசையிட்டு அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகைக்கு ரேகையே இல்லை, வெண்ணெய்போல வெட்டும், பெயின்ட் அடிப்பதற்கு நல்லது. ஆனால் அதன் தூள் மாவுபோல நுண்ணியது, ஒட்டியிருக்கும் பசையில் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சுப்பொருள் உண்டு. தொழிற்பேட்டைகளில் இறக்குமதி மெஷின்கள் வந்திறங்கும் பைன் மரப்பெட்டிகளும் நல்ல மென்மரந்தான். அவற்றில் ஆங்கிலத்தில் எச்.டி. என்ற முத்திரை இருந்தால் சூடேற்றிப் பூச்சி நீக்கிய மரம், எடுத்துக்கொள்ளலாம், எம்.பி. என்று இருந்தால் மீதைல் புரோமைடு என்ற நச்சுப்புகை இட்டது, விட்டுவிடுவது நல்லது.

வெட்டும் முறை இனி எளிதாகவே புரியும். முதலில் பலகையின்மேல் மாஸ்கிங் டேப்பைப் பரப்பி ஒட்டி, அதன்மேல் படம் வரைந்த தாளைப் பசைக்குச்சியால் ஒட்ட வேண்டும். நேரடியாக மரத்தில் ஒட்டினால் பின்னர்ச் சுரண்டி எடுப்பது பெரும்பாடு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், ஓரம் ஒட்டாத தாளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போன்ற பேக்கிங் டேப்பை ஒட்டினால், கெட்டி மரத்தில் விளிம்பு கருகுவது வெகுவாகக் குறைகிறது. டேப்பின் மேற்பூச்சு பிளேடுக்கு வழுவழுப்பு தருவதே காரணம் என்பார்கள். அடுத்ததாக, உள்ளே விழ வேண்டிய ஒவ்வொரு வெற்றிடத்திலும் 2 மில்லிமீட்டர்த் துளை ஒன்று போட வேண்டும். பிளேடின் மேல்முனையைக் கழற்றி, துளை வழியாகக் கோத்து, மீண்டும் இறுக்கி, அந்த வெற்றிடத்தை வெட்டி எடுத்து, மறுபடி கழற்றி அடுத்த துளைக்குப் போக வேண்டும். இருபது முப்பது வெற்றிடம் உள்ள கோலத்தில் வெட்டும் நேரத்தைவிடக் கோக்கும் நேரமே கூடுதலாகும். பொறுமை இல்லாதவர்கள் இங்கேதான் விலகிவிடுகிறார்கள். உள்வெட்டுகள் எல்லாம் முடிந்த பிறகே வெளிவிளிம்பை வெட்ட வேண்டும். வெளியே பலகை முழுதாக இருக்கும்வரை விரலால் பிடிக்க இடம் இருக்கும், உருவத்துக்கும் தாங்கல் இருக்கும். மிக மெலிந்த பகுதியைக் கடைசிக்கு விட்டுவைப்பதும் இதே காரணத்தால்தான்.

கூர்மூலையில் இரண்டு வழி. விழப்போகும் பக்கத்தில் இடம் இருந்தால், மூலையைத் தாண்டி ஓடி, ஒரு சுற்றுச் சுற்றி அடுத்த கோட்டில் வந்து சேரலாம். இடம் இல்லாவிட்டால், மூலை வரை வந்து, சற்றுப் பின்வாங்கி, அங்கே மெல்லத் திருப்ப இடம் அரித்துக்கொண்டு, மறுபக்கத்திலிருந்து மூலைக்குள் நுழைய வேண்டும். வெட்டுகோட்டின்மேலேயே ஓட்டாமல் விழும் பக்கமாக மயிரிழை தள்ளி ஓட்டினால், பின்னால் உப்புத்தாளால் திருத்திக்கொள்ள மரம் மிஞ்சும். மெஷின் மேசையில் பிளேடு இறங்கும் துளை பெரிதாக இருந்து சிறுதுண்டுகள் உள்ளே விழுந்தால், பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றில் ஊசித்துளை போட்டு மேசைமேல் ஒட்டிவிடலாம். என் நான்கு புள்ளிகளில் ஒன்று அந்தத் துளைக்குள்தான் போயிருந்தது.

அடிப்படை கைவந்த பிறகு வழிகள் பலவாகப் பிரிகின்றன. நான்கைந்து மெல்லிய பலகைகளை இருபக்க டேப்பால் ஒட்டி ஒரே முறையில் வெட்டுவது அடுக்கு வெட்டு. கொலுவுக்குப் பத்து மயில் வேண்டும் என்றால் இதுதான் வழி. வெவ்வேறு நிற மரங்களை அடுக்கி வெட்டி, ஒன்றின் ஓட்டையில் மற்றதன் துண்டைப் பொருத்துவதும் இதன் நீட்சியே. பிரெஞ்சு அரசவையின் மரக்கலைஞர் ஆந்த்ரே ஷார்ல் பூல் (1642–1732) ஆமையோட்டையும் பித்தளைத் தகட்டையும் இப்படி ஒன்றாக அடுக்கி அறுத்து, ஒரே அறுப்பில் ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு வேலைப்பாடுகளைப் பெற்றார். வெட்டுத்துண்டுகளைக் குழந்தைகள் சேர்க்கும் புதிராக்கலாம் என்பதும் பழைய யோசனைதான்: 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற படச் செதுக்குநர் நிலப்படத்தை மரப்பலகையில் ஒட்டி, நாட்டெல்லைகளை ஒட்டி அறுத்துப் பிள்ளைகளின் பாடத்துக்காக விற்றார். பேரனுக்கு நான் கொங்கு மாவட்டங்களை அப்படி வெட்டிக்கொடுத்தேன். 2009க்கு முந்தைய படத்தை ஒட்டிவிட்டால் திருப்பூர் மாவட்டமே இருக்காது, கவனம் வேண்டும்.

பலாவின் மஞ்சள், வெட்பாலையின் வெண்மை, தேக்கின் பொன்பழுப்பு என்று மரத்தின் சொந்த நிறத்தாலேயே படம் கோப்பது இன்டார்சியா எனப்படும். சாயம் பூசுவதில்லை, ஒவ்வொரு துண்டையும் வெவ்வேறு உயரத்துக்கு உருட்டித் தேய்ப்பதால் படம் புடைத்துத் தெரியும். மெஷின் மேசையை இரண்டு மூன்று டிகிரி சாய்த்து இரண்டு மரங்களைச் சேர்த்து வெட்டினால், துண்டு புட்டித் தக்கைபோல ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகி வரும். அதை ஓட்டைக்குள் அழுத்தினால் பிளேடு தின்ற இடைவெளியும் அடைபட்டு இறுகிவிடும். சரியான சாய்வு மரத்தின் கனத்தையும் பிளேடின் தடிமனையும் பொறுத்தது; கழிவுத்துண்டில் நாலைந்து முறை வெட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சதுரக்கட்டையின் அடுத்தடுத்த இரண்டு முகங்களில் ஒரே உருவத்தை வரைந்து, ஒரு முகத்தை வெட்டி, விழுந்த துண்டுகளை மீண்டும் டேப்பால் சேர்த்துக் கட்டி, கட்டையைப் புரட்டி மறுமுகத்தை வெட்டினால், உள்ளேயிருந்து ஒரு சதுரங்கக் குதிரை முழு உருவமாக வெளிவரும். முதன்முறை அதைப் பார்க்கும் எவரும் வாய்விட்டுச் சிரித்துவிடுவார்கள்.

பவர் ரம்பங்களுள் இது சாதுவானது என்பது உண்மை; ஆனால் விரல் அதற்கு மரத்தைவிட மென்மையானது. பிளேடுக்கு நேர் எதிரே விரலை வைக்கக் கூடாது, பிளேடு மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும், தோளில் துண்டு தொங்கக் கூடாது, கண்ணாடி அணிய வேண்டும். இவற்றைவிடப் பெரிய பகை தூள்தான். கண்ணுக்குத் தெரியும் தூளைத் தட்டிவிடுகிறோம். தெரியாத தூளே நுரையீரலுக்குப் போகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் தொகுதியில் வைத்திருக்கிறது. முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வது போதாது, என்-95 முகமூடி வேண்டும். சாளைத் திண்ணைபோலக் காற்றோட்டமான இடமாக இருந்தால் இன்னும் நல்லது.

வெட்டியபின் தாளையும் டேப்பையும் உரித்து, 120, 180, 320 என்று உப்புத்தாளை ஏற்றிக்கொண்டே போய், பிசிறைப் பழைய பல்துலக்கியால் தட்டி எடுக்க வேண்டும். சல்லடை வேலைக்குத் தூரிகை நுழையாது. தட்டில் எண்ணெய் ஊற்றி முக்கி எடுத்துத் துடைப்பதே சுலபம். வீட்டில் இருக்கிறதே என்று எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரும் முதலில் தேங்காயெண்ணெயைத்தான் எடுப்பார்கள், நானும் எடுத்தேன். அது எத்தனை மாதமானாலும் உலராது, பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொண்டு கடைசியில் காறிப்போகும். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டியாகும் தன்மை உடையது. மரத்துக்கு அதுதான் வேண்டும். பிள்ளைகள் வாயில் வைக்கும் பொம்மைக்கு ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு பூசலாம். ஆளிவிதை எண்ணெய் கெட்டியாகும்போது சூடு பிறக்கும் என்பதால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானே தீப்பற்றக்கூடும். பக்கத்தில் தேங்காய் மட்டையும் மரத்தூளும் கிடக்கும் நம் சாளைகளில் இது விளையாட்டில்லை. துணியைத் தண்ணீரில் நனைத்து, வெளியே வேலிக்கம்பியில் விரித்துக் காயப்போட்டுவிட்டுத்தான் விளக்கை அணைக்க வேண்டும்.